புதுப்பித்த கணிப்பொறியும் காணாமற்போன கடிதங்களும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு முடிவுற்றது. அதனையொட்டிப் புதிய முறைமைக்கு மாற்றப்பட்ட கணிப்பொறிகள் மிகப் பல. பெங்களூரு அல்சூரில் உள்ள என் வீட்டுக் கணிப்பொறியும் அவற்றுள் ஒன்று. இத்தகைய மாற்றத்திற்கு மறுநாள் காலையில் எழும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: "மின்னஞ்சல் வேலை செய்யவில்லை."

மருத்துவரிடம் சென்று "உடம்பு சரியில்லை" என்று கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. புதிய கடிதங்கள் வரவில்லையா? எழுதிய கடிதங்கள் போகவில்லையா? பழைய கடிதங்கள் மறைந்தனவா? இருந்தும் அவற்றைப் படிக்க இயலவில்லையா? இந்நான்கனுள் எது என்று அறிந்தாலன்றி மருந்து இன்னதென்று கூறுதல் இயலாது. இவற்றைப் பிரித்தறியும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னஞ்சல் முழுவதும் உடன்பாடுகளின் மேல் நிற்பது. 1971இல் அமெரிக்க நாட்டு ரே டாம்லின்சன், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையின் வழியே முதற்கடிதத்தை அனுப்பினார். அவ்விரண்டு பொறிகளும் அடுத்தடுத்து நின்றவையே. எனினும் கடிதம் அர்ப்பாநெட் வலையின் வழியாகவே சென்று சேர்ந்தது. எழுதும் பொறியும் ஏற்கும் பொறியும் முகவரியை எவ்வாறு எழுதுவது, கடிதத்தை எங்கே முடிப்பது என்பவற்றில் முன்னரே ஒத்துப்போயிருந்தமையால் அது இயன்றது. நம் நாட்டில் 1986இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையைத் தொடங்கியது. அதில் முதலில் பங்குகொண்ட எட்டு நிலையங்களுள் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகமும் ஒன்று. அத்துறையும், அன்றைய ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பம்பாய் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் ஏனையவை. தொடக்கக் காலத்தில் ஒரு பொறி மற்றொரு பொறியைத் தொலைபேசியில் அழைத்து, அதுவரை சேர்ந்திருந்த கடிதங்களை மொத்தமாக ஒப்படைத்துவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்ட் 15இல்தான் கிடைத்தது.

இன்றும் அடிப்படை அதுவே. நம் மேசை மேலுள்ள அஞ்சல் நிரல் ஒரு தரப்பு. தொலைவிலுள்ள சர்வர் மற்றொரு தரப்பு. கணிப்பொறியைப் புதுப்பிக்கும்பொழுது ஒரு தரப்பு மட்டும் தன் உடன்பாட்டை மாற்றிக்கொள்கிறது. சில வேளைகளில் சர்வர் தன் பக்கத்தை மாற்றிக்கொள்ள, நம் பொறி பழைய வழக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டிலும் கடிதம் அழிவதில்லை, பேச்சுத்தான் முறிகிறது. ஆகவே பழுது கண்டவுடன் நிரலை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுதல், கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குதல் ஆகிய இரண்டையும் கடைசி வரையில் ஒத்திப்போட வேண்டும். பழுதினால் போன கடிதங்களைவிட, பழுதை நீக்க முனைந்தவர் கையால் போன கடிதங்களே மிகுதி என்பது என் எண்ணம்.

கடிதம் வசிக்கும் இடம்

முதற்சோதனை எளியது. அஞ்சல் நிரலை மூடிவிட்டு, அதே கணக்கை இணைய உலாவி வழியே திறந்து பார்த்தல் வேண்டும். கடிதங்கள் அங்கே இருப்பின் சர்வர் நலமாயிருக்கிறது. குறை நம் பொறியில். உலாவியிலும் புகமுடியவில்லை என்றால், நம் பொறியில் தேடுவதற்குமுன் கடவுச்சொல்லையும் சர்வரையும் சோதித்தல் நலம்.

அங்கே பழைய கடிதங்கள் இல்லையெனில் அஞ்சுவதற்குமுன் ஒன்றை நினைவுகூர வேண்டும். சர்வரிலிருந்து கடிதங்களைப் பெறுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஐமேப் என்னும் முறையில் கடிதம் சர்வரிலேயே வசிக்கிறது; நம் பொறியில் இருப்பது அதன் படி. பாப் என்னும் முறையிலோ, கடிதம் நம் பொறிக்கு இறக்கப்பட்டபின் சர்வரிலிருந்து நீக்கப்படுவது பழைய வழக்கம். இடம் அருமையாயிருந்த காலத்தில் பாப் முறையே பெரிதும் கையாளப்பட்டது. அக்காலத்துக் கடிதங்கள் நம் வட்டில் ஒரு கோப்பிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. மாற்றம் செய்வதற்குமுன் அக்கோப்புறையை வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பது ஒன்றே உறுதியான பாதுகாப்பு.

என் வீட்டில் அது செய்யப்படவில்லை. பழுது பார்க்க வந்தவர் புதிய முறைமையைச் சுத்தமாக நிறுவிக் கொடுத்துவிட்டுச் சென்றார். தண்டர்பேர்டு நிரலைத் திறந்தபொழுது, முதன்முறை வாங்கியதைப்போல வெறுமையாக வரவேற்றது. அதில் 2003 முதல் 2008 வரை முதியவர் ஒருவர் எனக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியரான அவர், மொழிபெயர்ப்புத் தொழிலில் நான் காலூன்றிய நாட்களில் கலைச்சொற்களைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் விடையெழுதியவர். அவர் இன்று இல்லை.

இத்தகைய வெறுமைக்குக் காரணங்கள் பல. தண்டர்பேர்டு, பயனாளியின் கடிதங்களையும் அமைப்புகளையும் 'ப்ரொஃபைல்' என்னும் தனிக் கோப்புறையில் சேமிக்கிறது. புதிதாக நிறுவப்பட்ட நிரல் சில வேளைகளில் பழைய ப்ரொஃபைலை விடுத்துத் தனக்கென்று புதியதொன்றைப் படைத்துக்கொள்கிறது. பழையது பக்கத்திலேயே தீண்டப்படாமல் கிடக்கும். 'அபவுட் ப்ரொஃபைல்ஸ்' என்னும் பக்கத்தைத் திறந்தால் எல்லா ப்ரொஃபைல்களும் வரிசையாகத் தோன்றும். பழையதைத் தேர்ந்து தொடங்கினால் போதும். இரண்டாவது காரணம் அட்டவணைப் பழுது. கடிதங்கள் ஒரு கோப்பிலும், அவற்றின் அட்டவணை 'எம்.எஸ்.எஃப்.' என்று முடியும் மற்றொரு சிறு கோப்பிலும் உள்ளன. நூலகத்தில் அட்டைப் பெட்டி கவிழ்ந்துவிட்டால் நூல்கள் மறைந்துவிடா. நிரலை மூடிவிட்டு அட்டவணைக் கோப்பை மட்டும் நீக்கினால், அடுத்த முறை திறக்கும்பொழுது நிரல் கடிதங்களைப் படித்துப் புதிய அட்டவணையைத் தானே எழுதிக்கொள்ளும்.

விண்டோஸோடு முன்பு வந்த 'மெயில் அண்ட் கேலண்டர்' நிரலைப் பழகியவர்களின் நிலை வேறு. 2024 டிசம்பர் 31ஆம் நாளோடு அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அதன்பின் அதில் கடிதம் அனுப்பவும் பெறவும் இயலாது. இங்கே பழுது என்று ஒன்றுமில்லை, நிரலே ஓய்வுபெற்றுவிட்டது. வேறு நிரலில் கணக்கை அமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் பொறியில் இவை எவையும் காரணமில்லை. பழைய ப்ரொஃபைலே அங்கு இல்லை. எட்டாம் நாள் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியபின்னரே, சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்றொரு கோப்புறை இருப்பதைக் கண்டேன். வட்டை வடிவமைக்காமல் முறைமையை மாற்றும்பொழுது, பழைய முறைமையும் பயனாளியின் கோப்புகளும் அதனுள் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. பொதுவாகப் பத்து நாட்கள் கழிந்தபின் அதனை விண்டோஸ் தானாகவே அழித்துவிடும். இன்னும் இரண்டு நாள் சோம்பியிருந்தால் ஐந்தாண்டுக் கடிதப் போக்குவரத்து ஓசையின்றி மறைந்திருக்கும். அதனுள் என் பெயருள்ள கோப்புறையில், கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைக்கப்பட்ட 'ஆப்டேட்டா' என்னும் உட்கோப்புறையில் பழைய ப்ரொஃபைல் முழுமையாக இருந்தது.

பூட்டும் முத்திரையும்

கடிதங்கள் இருந்த இடம் தெரிந்தபின், புதியவை வருவதும் போவதும் அடுத்த கேள்வி. வரவும் செலவும் இரு வேறு வாயில்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பாப் முறையில் பெறுவதற்கு 995, ஐமேப் முறையில் பெறுவதற்கு 993, அனுப்புவதற்கு 587 அல்லது 465 என வாயில் எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. பழைய அமைப்பில் அனுப்பும் வாயில் 25 என்று எழுதப்பட்டிருக்கக்கூடும். குப்பைக் கடிதங்களைத் தடுக்கும்பொருட்டு இணைய நிறுவனங்கள் பல அவ்வாயிலை வீட்டு இணைப்புகளுக்கு அடைத்துவிட்டன. கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் முதலில் ஐயுற வேண்டியது இவ்வெண்ணையே.

வாயிலைக் கடந்தால் பூட்டு. இரு பொறிகளும் பிறர் காணாதவாறு பேசிக்கொள்ளும் மறைமொழிக்கு டி.எல்.எஸ். என்று பெயர். அதன் முதற்பதிப்பு 1999இலும், 1.1 என்பது 2006இலும், 1.2 என்பது 2008இலும், 1.3 என்பது 2018இலும் வெளிவந்தன. முதலிரு பதிப்புகளும் வலுவற்றவை என்று 2021 மார்ச்சில் இணையத் தரக்குழு முறையாக ஒதுக்கியது. தண்டர்பேர்டு 2020இல் வெளியிட்ட 78ஆம் பதிப்பிலேயே அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே நிரலைப் புதுப்பித்து, சர்வர் பழையதாகவே இருந்தால், இருவருக்கும் பொதுமொழி இல்லாமற்போகிறது. தொழிற்கூடங்களிலும் கல்லூரிகளிலும் பல்லாண்டுகளுக்கு முன் நிறுவி மறந்துவிட்ட சர்வர்களோடு பேசும்போது இது நேரும். நிரலின் காப்பைத் தளர்த்தி உடன்படச் செய்வது இயலுமெனினும், அது வாயிற்கதவைத் திறந்து வைத்து உறங்குவதை ஒக்கும். சர்வரைப் புதுப்பிக்குமாறு அதன் பொறுப்பாளரைக் கேட்பதே முறை.

முத்திரைப் பழுது இதனினும் விந்தையானது. சர்வர் தன் அடையாளத்தை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதற்குக் கையொப்பமிட்ட மூலச் சான்றாளர்களின் பட்டியல் நம் பொறிக்குள் முன்னரே இருக்கிறது. 2021 செப்டம்பர் 30ஆம் நாள், லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் இலவசச் சான்றிதழ் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்று ஒன்று காலாவதியாயிற்று. புதிய மூலச் சான்றை அறியாத பழைய கணிப்பொறிகளும் கைப்பேசிகளும், அதுவரை நண்பராயிருந்த சர்வர்களை அந்நியர் என்று கருதி விலக்கின. அன்று நம் பொறியில் எதுவும் மாறவில்லை. நாட்காட்டியில் ஒரு நாள் கழிந்தது, அவ்வளவே. இதைப் போன்றே, கணிப்பொறியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்றிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துவிட்டால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்பொழுது எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் பிறவாதவை என்று பொறி தீர்ப்புக் கூறும். சான்றிதழ்ப் பிழை என்ற அறிவிப்பைக் கண்டால் முதலில் திரையின் மூலையிலுள்ள தேதியைப் பார்க்க வேண்டும். சிறிய ஆலோசனைதான், ஆயினும் பெரிய செலவைத் தவிர்த்திருக்கிறது.

கடவுச்சொல் சரியாயிருந்தும் "தவறு" என்று திரும்ப வருவதுண்டு. பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் காட்டி நுழையும் பழைய முறையை, தனியார் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் நிறுவனக் கணக்குகளுக்கு அவ்வாண்டு அக்டோபர் முதல் நிறுத்தியது. இப்போது நிரல் உலாவிப் பக்கம் ஒன்றைத் திறந்து, அங்கே பயனாளியின் இசைவைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இம்முறையை அறியாத பழைய நிரலை வைத்திருப்போர், கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை அமைத்து, அந்நிரலுக்கென்று பதினாறு எழுத்துக்கள் கொண்ட தனிக் கடவுச்சொல்லைப் பெற்று உபயோகிக்கலாம்.

எழுத்து எழுத்தாக இல்லாதபோது

பழைய ப்ரொஃபைலை உரிய இடத்தில் அமைத்துத் திறந்தேன். கடிதங்கள் யாவும் தேதி வரிசையில் நின்றன. ஆனால் ஒன்றையும் படிக்க இயலவில்லை.

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதும் உடன்பாடே. தமிழுக்கு நெடுங்காலம் ஒரே உடன்பாடு வாய்க்கவில்லை. அயல்நாட்டுத் தமிழரும் ஈண்டுள்ளாரும் 1997 முதல் மின்னஞ்சல் வழியாகவே கலந்தாய்ந்து டிஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. உலகப் பொதுவான யூனிகோடு 1991 முதலே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், விண்டோஸ் 2000இல்தான் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவளித்தது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. முதியவர் தம் கடிதங்களை டிஸ்கியில் எழுதிவந்தார். அதற்கான எழுத்துரு பழைய முறைமையோடு போய்விட்டது.

திரையில் தோன்றும் அலங்கோலத்தைக் கண்டு மருளாமல் உற்றுநோக்கினால், அதுவே நோயைச் சொல்லும். 'அ' என்னும் எழுத்துக்கு டிஸ்கியில் எண் 171. இலத்தீன் அட்டவணையில் அவ்வெண் இடப்பக்கம் நோக்கிய இரட்டைக் கோண மேற்கோட்குறிக்கு உரியது. ஆதலின் "அன்புள்ள" என்று தொடங்கும் டிஸ்கிக் கடிதம் ஒவ்வொன்றும் எழுத்துரு இல்லாப் பொறியில் அக்குறியோடுதான் தொடங்கும். இதற்கு மருந்து குறியீட்டு மாற்றி. சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. கடிதத்தை அதிலிட்டு, மூலம் டிஸ்கி என்றும் இலக்கு யூனிகோடு என்றும் குறித்தால் தமிழ் திரும்பிவிடும்.

யூனிகோடில் எழுதிய கடிதத்தை இலத்தீன் என்று பொறி தவறாகக் கொண்டால் வேறு கோலம் தோன்றும். அஞ்சலில் 'அ' என்பது 224, 174, 133 என்னும் மூன்று எண்களாகச் செல்கிறது. முதலாவது தலைமேல் சாய்கோடு தாங்கிய இலத்தீன் முதலெழுத்தாகவும், இரண்டாவது வட்டத்துக்குள் அடங்கிய பதிவு வணிகக் குறியாகவும் தெரியும். இவ்விணை திரையெங்கும் விரவிக் கிடந்தால் கடிதம் பழுதற்றது; நிரலின் 'வியூ' பகுதியில் எழுத்துக் குறியீட்டைச் சீராக்கும் கட்டளையைக் கொடுத்தால் தீர்ந்தது. பெங்களூரு அலுவலகங்களில் கன்னடக் கடிதங்களுக்கும் இதே இடர் நேரும். கன்னட 'அ' 224, 178, 133 என்று செல்வதால், பதிவுக் குறிக்குப் பதில் மேலே உயர்ந்த சிறிய 2 தோன்றும். ஒருவரி கன்னடமும் அறியாதவர்கூட, சிதைந்த கடிதம் கன்னடமா தமிழா என்று இதனால் கூறிவிடலாம்.

எழுத்துக்களுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தோன்றினால் எழுத்துரு இல்லை என்பதே பொருள். நிர்மலா என்னும் எழுத்துரு விண்டோஸோடு வருகிறது. பழைய லதா எழுத்துருவையோ, விருப்பக் கூறுகளில் உள்ள தமிழ்த் துணை எழுத்துருத் தொகுப்பிலிருந்து நாமே சேர்க்க வேண்டும்.

கேள்விக்குறிகள் தோன்றினால்தான் கவலை. தமிழுக்கு இடமில்லாத குறியீட்டில் கடிதத்தை எழுதுமாறு ஒரு நிரலைப் பணித்தால், அது தனக்குப் புரியாத எண் ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு 63 என்னும் எண்ணை, அதாவது கேள்விக்குறியை, இட்டுவிடுகிறது. மற்றக் குறைகளில் எண் மாறாமல் அதன் பொருள் மட்டும் மயங்கிற்று. இங்கே எண்ணே போய்விட்டது. எந்த மாற்றியாலும் மீளாது. எனினும் ஒரு சிறு தடயம் எஞ்சும். "அன்புள்ள" என்னும் சொல் ஐந்து கேள்விக்குறிகளாயிருந்தால் மூலம் டிஸ்கி, எட்டாயிருந்தால் யூனிகோடு. டிஸ்கியில் புள்ளியெழுத்தும் உகரமேறிய எழுத்தும் ஒவ்வொன்றும் ஓரெண். யூனிகோடில் புள்ளிக்கும் உகரத்துக்கும் தனித்தனி எண் உண்டு.

முதியவரின் கடிதங்கள் ஒன்று நீங்கலாக யாவும் மாற்றியின் உதவியால் மீண்டன. எஞ்சிய அவ்வொன்றை 2006இல் நானே ஒரு பழைய நிரலிலிருந்து என் மற்றொரு முகவரிக்கு மாற்றி அனுப்பிவிட்டு, மூலத்தை அழித்திருக்கிறேன். அது நான் கேட்டதற்கிணங்க அவர் தொகுத்தனுப்பிய மரங்களின் பட்டியல். தாவரவியற் பெயர்கள் இலத்தீன் எழுத்திலிருந்தமையால் அப்படியே உள்ளன. அவற்றின் எதிரே தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள். அசாடிராக்டா இண்டிகா என்பதன் எதிரே நான்கு. கொம்பு, வகரம், மகரப் புள்ளி, 'பு' என நான்கெண்கள், ஆகவே வேம்பு. பொங்காமியா பின்னேட்டா எதிரே மூன்று, புங்கு. இவ்வாறு கணக்கிட்டுப் பாதிக்கு மேல் நிரப்பிவிட்டேன். ஹார்ட்விக்கியா பினேட்டா என்னும் மரத்தின் எதிரே ஏழு குறிகள் நிற்கின்றன. நூல்களில் அதற்கு வழங்கும் ஆச்சா என்னும் பெயர் நான்கிலேயே முடிந்துவிடுகிறது.